மாட்டு ஏப்பத்தைக் குறைக்கும் தீவனச் சேர்மானம்: மதுரைப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

போன வருடம் ஆடி மாதம் ஒரு மூட்டைப் பவுடரை வாங்கி வந்து, ஆறு மாட்டுக்கும் அன்றைக்கே முழு அளவில் கலந்து வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சொசைட்டியில் கேனை இறக்கியபோது ஒன்பது லிட்டர் குறைவு. இரண்டு மாடு தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “பூமி சூடு குறையுறது இருக்கட்டும்டா, மொதல்ல மாடு திங்குதான்னு பாரு” என்றார் அப்பத்தா. பால் பழைய அளவுக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆனது.

அதற்குப் பிறகு நோட்டு, தராசு, கால்நடை மருத்துவர் என்று முறையாகத் தொடங்கினேன். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் ஐந்தாறு மாடு வைத்திருப்பவர்கள் நான் விழுந்த குழியில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். மாடு தின்றது அதன் பெரிய வயிற்றில் நொதிக்கிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜனை ஒரு வகை நுண்ணுயிர் பிடித்து, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவாக்குகிறது. அதில் பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியே வெளியேறுகிறது, பின்பக்கமாகப் போவது சொற்பம். மாடு தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிப் போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கில் ஒரு பங்கு காற்றில் கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நுண்ணுயிரின் வேலையைக் கெடுக்கும் பொருளைத் தீவனத்தில் சேர்ப்பதுதான் இந்த முறை. சேர்மானம் கடைசிப் படி. நான் அதை முதல் படியாக வைத்ததுதான் தப்பு.

1. பதினைந்து நாள் நோட்டுப் போடுங்கள்

எதையும் வாங்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு, தொங்கவிடும் தராசு, தையல்காரர் நாடா போதும். எனக்கு மூன்றும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மாட்டின் எடை தெரியாமல் தீவனக் கணக்கே போட முடியாது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை உடல் நீளத்தையும் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். என் ஜெர்சிக் கலப்பு மாட்டுக்குச் சுற்றளவு 66, நீளம் 58. கணக்கு 383 கிலோ என்றது. “ஐந்நூறு கிலோ இருக்கும்ணே” என்று விற்ற தரகர் சொன்ன மாடு அது.

அப்புறம் தினமும் ஒவ்வொரு மாட்டுக்கும் காலைப் பால், மாலைப் பால், எடை போட்டுக் கொடுத்த தீவனம், தொட்டியில் மிச்சம் விட்டது, சாணி எப்படி இருந்தது என்று எழுதுங்கள். சொசைட்டிச் சீட்டில் வரும் கொழுப்பும் இதரச் சத்தும் எல்லா மாட்டுப் பாலும் கலந்த கணக்கு. வாரம் ஒரு முறையாவது ஒரு மாட்டின் பாலைத் தனியாகக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் செய்து தருவார்கள்.

“ஒரு கூடை”, “ரெண்டு அள்ளு” என்று எழுதாதீர்கள். எங்கள் வீட்டில் இருபது கிலோ என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருந்த பச்சைப்புல் கூடையைத் தராசில் தொங்கவிட்டபோது பதினான்குதான் இருந்தது.

மீத்தேனை நம் கொட்டகையில் அளக்க வழி கிடையாது. ஆராய்ச்சி நிலையங்களில் மாட்டை மூடிய அறையில் நிறுத்தி, அல்லது மூக்குப் பக்கம் கருவி வைத்து அளக்கிறார்கள். “போட்ட மறுநாளே வாயு குறைவது தெரியும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நமக்குத் தெரிவது தீனி, பால், சாணி மூன்றுதான். அதற்குத்தான் நோட்டு.

2. தீவனத்தைச் சரிசெய்யுங்கள்

மதுரைப் பக்கம் பெரும்பாலான கொட்டகைகளில் வைக்கோல்தான் வயிற்றை நிரப்புகிறது. வைக்கோல் மாதிரி நார் அதிகமுள்ள, செரிமானம் குறைந்த தீனிக்குத்தான் மீத்தேனும் கூடுதலாக உண்டாகும். வெறும் வைக்கோலும் தவிடும் தின்கிற மாட்டுக்குச் சேர்மானம் கொடுப்பது ஓட்டைக் குடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது மாதிரி.

நானூறு கிலோ எடை, தினம் பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் ஏறத்தாழ 12 கிலோ தீவனம் வேண்டும். நான் போடுவது இது: பசுந்தீவனம் 20 கிலோ, உலர்தீவனம் 4 கிலோ, அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்தது) 5 முதல் 5.5 கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம், கல் உப்பு 30 கிராம். பசுந்தீவனத்தில் மூன்றில் இரண்டு பங்கு கோ-4 மாதிரிப் புல், ஒரு பங்கு வேலிமசால் அல்லது அகத்தி. அடர்தீவனத்தை உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராம் என்று கணக்கிடுங்கள். உங்கள் மாட்டுக்கு எண்கள் மாறும். கால்நடை மருத்துவரிடம் நோட்டைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புல் கரணைக்கும் வேலிமசால் விதைக்கும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் விசாரிக்கலாம். மழைக்கு முன்பே பெயர் கொடுத்து வைப்பது நல்லது. மழை பெய்த பிறகு எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். பேரையூர், கல்லுப்பட்டி பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்கள் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து ஊறுகாய்ப் புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும் சைலேஜ்) போட்டுவிட்டால் கோடைக்கு வைக்கோலை நம்பி நிற்க வேண்டாம். மாவுச்சத்து உள்ள தீனி மீத்தேனையும் குறைக்கும்.

இந்த ஒரு படியிலேயே லாபம் இருக்கிறது. ஐந்து லிட்டர் கறக்கும் மாடும் தன் உடம்பைத் தாங்கத் தின்றுதான் ஆக வேண்டும், அதற்கான ஏப்பத்தையும் விட்டுத்தான் ஆக வேண்டும். அதே மாடு ஏழு லிட்டர் கறந்தால் லிட்டருக்கு விழும் மீத்தேன் குறைகிறது. தேசிய பால்வள வாரியம் சரிவிகிதத் தீவனத் திட்டம் நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். என் கொட்டகையில் ஒரு பைசாவுக்குக்கூடப் பவுடர் வாங்காமல், எடை போட்டுக் கொடுத்ததிலேயே மாட்டுக்கு முக்கால் லிட்டர் கூடியது.

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். தீவனம் மாறினால் வயிற்று நுண்ணுயிர் பழகப் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும்.

3. எந்தச் சேர்மானம்?

இங்கேதான் ஏமாற்றும் அதிகம், குழப்பமும் அதிகம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

*துவர்ப்புச் சத்துள்ள சேர்மானம்.* டானின் என்று சொல்கிறார்களே, அதுதான். பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் டானின் நிறைந்த தாவரப் பொருட்களை வைத்து ‘ஹரித் தாரா’ என்ற சேர்மானத்தை உருவாக்கியது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறையும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. வளர்ந்த மாட்டுக்கு நாளைக்கு 500 கிராம். மூன்று மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது, அதற்குப் பெரிய வயிறு இன்னும் வேலைசெய்யத் தொடங்கியிருக்காது. 2021-இல் செய்தி வந்தபோது கிலோ சுமார் 6 ரூபாய் என்றார்கள். கடைக்காரர் சொல்லும் விலையை இதோடு ஒப்பிட்டு, இடையில் என்ன கூடியது என்று கேளுங்கள். நம்மைப் போன்ற சிறு கொட்டகைக்குப் பொருந்துவது இந்த வகைதான் என்பது என் முடிவு.

இதே நிறுவனம் புளியங்கொட்டைத் தோலை வைத்தும் சேர்மானம் செய்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு, நம் ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம் என்று நானே வறுத்து இடித்துப் போட்டேன். செய்யாதீர்கள். துவர்ப்பு கூடினால் மாடு தீனியைக் குறைக்கும், புண்ணாக்கின் புரதமும் செரிக்காமல் சாணியில் போகும். கொட்டைத் தோலில் டானின் எவ்வளவு என்று பார்க்காமல் அளவு சொல்ல யாராலும் முடியாது. கருவேலங்காயும் அப்படித்தான். ஆடு தின்கிறதே என்று மாட்டுக்கு மூட்டையாகக் கொட்ட முடியாது.

*இலை தழை.* வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல். இவற்றில் புரதமும் இருக்கிறது, கொஞ்சம் துவர்ப்பும் இருக்கிறது. வேலியிலேயே வளர்ப்பதால் காசு கிடையாது. சூபாபுல்லில் மைமோசின் என்ற நச்சு உண்டு. அதனால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

*எண்ணெய்.* தீவனத்தில் கொழுப்பு கூடினால் மீத்தேன் குறையும் என்பது உண்மை. ஆனால் ஈரம் நீக்கிய மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பது கெட்டு, தீனி எடுப்பும் பால் கொழுப்பும் இறங்கும். நம் ஊரில் ஏற்கெனவே பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கிறோம். அதிலேயே ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். அதற்கு மேல் எண்ணெய் ஊற்றினால் சொசைட்டிச் சீட்டில் கொழுப்பு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

*கடல்பாசி.* உலகம் முழுக்கப் பேசப்படுவது அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புப் பாசி. அதில் உள்ள புரோமோஃபார்ம் என்ற பொருள்தான் மீத்தேனைத் தடுக்கிறது. மண்டபம், ராமேசுவரம் பக்கம் கடலில் கட்டி வளர்ப்பது கப்பாபைகஸ். அது உணவுத் தொழிலுக்கான கூழ்ப்பொருள் எடுக்க வளர்ப்பது, இந்த வேலையைச் செய்யாது. எனக்கு விற்ற மூட்டையில் வெறும் ‘கடல்பாசிப் பவுடர்’ என்று போட்டிருந்தது. எந்தப் பாசி என்று கேட்கத் தோன்றவில்லை. சரியான பாசியாகவே இருந்தாலும் வெயிலில் காயவைத்தால் புரோமோஃபார்ம் ஆவியாகிப் போகும். சாக்கில் கட்டி வெயிலில் கிடந்த பாசிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

*போவேர்.* 3-நைட்ரோஆக்சிபுரோபனால் என்ற வேதிப்பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலும் அமெரிக்கா 2024-இலும் அனுமதித்தன. கறவை மாட்டில் மீத்தேன் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. ஒரு மாட்டுக்கு நாளைக்குக் கால் தேக்கரண்டி அளவுதான். வயிற்றில் சீக்கிரம் சிதைந்துவிடுவதால், நாள் முழுக்கத் தின்னும் கலப்புத் தீவனத்தில் சேர்த்தால்தான் முழுப் பலன். காலையும் மாலையும் ஒரு தொட்டி என்று வைக்கும் நம் பழக்கத்துக்கு ஒத்துவராது. இந்தப் பெயரைச் சொல்லி யாராவது பொட்டலம் விற்க வந்தால், இந்திய அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

*நைட்ரேட், யூரியா.* நைட்ரேட் உப்பு மீத்தேனைக் குறைக்கும் என்று படித்துவிட்டு உர மூட்டையைத் தேடாதீர்கள். அளவு பிசகினால் இரத்தம் பிராணவாயுவை எடுக்காமல் மாடு சில மணி நேரத்தில் விழுந்துவிடும். வறட்சியில் வாடிய இளஞ்சோளத் தட்டையிலேயே நைட்ரேட்டும் சயனைடு விஷமும் ஏறியிருக்கும். அதோடு இதையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். யூரியா வேறு பொருள், அதைத் தண்ணீரில் கரைத்து வைப்பதும் மாட்டைக் கொல்லும்.

*பூண்டு, வெந்தயம், பூந்திக்கொட்டை.* ஆய்வுகளில் பலன் தெரிகிறது, ஆனால் நம் கையில் நிலையான அளவு கிடையாது. பூண்டு போட்டால் பாலில் வாடை வரும், டீக்கடைக்காரர் திருப்பி அனுப்புவார்.

4. வாங்கும் முன் கேட்க வேண்டிய காகிதங்கள்

தவிட்டுச் சந்தைப் பக்கமோ உள்ளூர்த் தீவனக் கடையிலோ எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். என்னிடம் பில் இல்லாததால் மூட்டையைத் திருப்பவே முடியவில்லை. “நீங்கதாண்ணே அளவு தெரியாமப் போட்டுட்டீங்க” என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

மூட்டையில் பார்க்க வேண்டியவை: உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல், ஒரு மாட்டுக்கு எத்தனை கிராம், தயாரித்த தேதி, தொகுதி எண், தயாரித்தவர் முகவரி. கூட்டுத் தீவனம் என்றால் ஐ.எஸ். 2052, தாது உப்புக் கலவை என்றால் ஐ.எஸ். 1664 என்ற தர எண்ணைத் தேடுங்கள். ‘ஹரித் தாரா’ என்று விற்றால், அந்த நிறுவனத்திடம் தொழில்நுட்ப உரிமம் வாங்கிய சான்றின் நகலைக் கேளுங்கள். நேர்மையான ஆள் வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பிவிடுவார்.

சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. நாலைந்து மூட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, ஈரமில்லாத பையில் கட்டி அனுப்பலாம். போன் செய்து, எந்தச் சோதனைக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். கடலைப்புண்ணாக்கு மொத்தமாக வாங்குபவர்கள் அஃபிளாடாக்சினுக்கும் சேர்த்துப் பாருங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கின் விஷம் பாலில் இறங்கும்.

தீவனச் செலவுக்குக் கடன் வேண்டுமானால் மாடு வளர்ப்பவர்களுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு. ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம், சொசைட்டி உறுப்பினர் சான்று, மாட்டின் காதில் உள்ள 12 இலக்க வில்லை எண் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறையும். காது வில்லை விழுந்துவிட்ட மாட்டுக்கு முதலில் மருந்தகத்தில் புது வில்லை போட்டுவிடுங்கள். எனக்கு அந்த ஒன்றுக்கே மூன்று வாரம் போனது.

5. பழக்கும் பதினான்கு நாள்

எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். கறவை ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு மாட்டை எடுத்து, ஒன்றுக்குக் கொடுங்கள், ஒன்றை அப்படியே விடுங்கள். நிறைசினை, கன்று போட்டு ஒரு மாதம் ஆகாதது, மருந்து ஓடிக்கொண்டிருப்பது, இவற்றைத் தொடாதீர்கள்.

முதல் நான்கு நாள் சொன்ன அளவில் கால் பங்கு. அடுத்த மூன்று நாள் அரைப் பங்கு. அடுத்த நான்கு நாள் முக்கால். பன்னிரண்டாம் நாளிலிருந்து முழு அளவு. பவுடரைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டாதீர்கள், கழுநீரிலும் வேண்டாம், அடியில் தங்கிவிடும். அடர்தீவனத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறிவிட்டால் மாடு ஊதித் தள்ளாது.

மிச்சம் விடுவது கூடினாலோ, சாணி தண்ணீராகவோ உருண்டையாகவோ ஆனாலோ, பால் இரண்டு நாள் தொடர்ந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலோ, முந்தின அளவுக்குத் திரும்புங்கள். இடப்பக்க வயிறு மேளம் மாதிரி உப்பினால் சேர்மானத்தை நிறுத்திவிட்டு 1962-க்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு மதினி சொன்னார் என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். நான் பவுடர், புளியங்கொட்டை, கூடுதல் பருத்திக்கொட்டை மூன்றையும் ஒரே வாரத்தில் போட்டேன். எது கெடுத்தது என்று இன்றுவரை தெரியாது.

6. காசுக் கணக்கு

இரண்டாம் முறை டானின் வகைச் சேர்மானத்தை நான்கு மாதம் கொடுத்துப் பார்த்தேன். பால் கூடியதா என்றால், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூடிய பாலெல்லாம் இரண்டாம் படியில் வந்தது. ஆகவே மாட்டுக்கு ஒரு நாள் சேர்மானச் செலவு, ஒரு மாடு கொடுக்கும் கால் லிட்டர் பாலின் விலையைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன்.

‘கார்பன் காசு’, அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுவைக் குறைத்ததற்குத் தரும் பணம், வரும் என்று சொல்லி ஊருக்குள் ஆட்கள் வருகிறார்கள். நாமே கணக்குப் போடுவோம். நம் நாட்டில் கறவை மாடு ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 200 லிட்டர் மீத்தேன் விடுகிறது. எடையில் சுமார் 140 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 28 கிராம், வருடத்துக்குப் பத்துக் கிலோ. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமிலவாயுவைப் போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். அப்படியானால் ஒரு மாட்டுக்கு வருடம் 280 கிலோ, ஐந்து மாட்டுக்கு 1.4 டன். டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 1,400 ரூபாய். இதில் அளப்பவர், சரிபார்ப்பவர், இடைத்தரகர் எல்லாரும் பங்கு எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மாட்டை ஒரே திட்டத்தில் சேர்த்தால்தான் இது கட்டுப்படியாகும். பதிவுக் கட்டணம் என்று நம்மிடம் முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பணம் கேட்காமல் வந்தாலும், எத்தனை வருட ஒப்பந்தம், நடுவில் மாட்டை விற்றால் என்ன ஆகும், எந்தப் பதிவேட்டில் பதிகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

7. எந்த மாதம் தொடங்கலாம்

சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம். வெயிலுக்கே மாடு தீனியைக் குறைக்கும், பழியைப் பவுடர் மேல் போடுவோம். ஐப்பசி மழை பிடித்து வரப்பில் பச்சை வந்த பிறகு தீவனத்தைச் சரிசெய்து, கார்த்திகைக் கடைசியில் சேர்மானத்தைத் தொடங்கினால் தை பிறப்பதற்குள் பழக்கம் முடிந்துவிடும். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டைமேல் ஏற்றுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் கணக்கில் வராது. தெருவே வந்து பொங்கலும் வாழைப்பழமும் ஊட்டும், தடுக்கவும் முடியாது. அவ்வளவு சோறு ஒரே நாளில் போனால் வயிறு புளித்துச் சாணி இளகும். ஒரு கைப்பிடிக்கு மேல் ஊட்ட விடாதீர்கள். நோட்டில் அந்த வாரத்துப் பக்கங்களில் கோடு போட்டுவிட்டு அடுத்த வாரத்திலிருந்து எழுதுங்கள்.